கடைசிக் குழாய்

இருபத்திரண்டு வருடமாக மைக் செட் போடுகிறவர் ஒரு மேடைப் பேச்சைக்கூட முழுதாகக் கேட்டதில்லை என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் டெஸ்டிங் விஷயத்தில் அதுதான் உண்மை. பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. ஊருக்கு அவர் டெஸ்டிங்தான். கல்யாணமோ, கடை திறப்போ, கட்சிக் கூட்டமோ, மைக்கைப் பிடித்து அவர் சொல்வது “ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ” மட்டும். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் செட் போட்டவருக்குத் தன் கல்யாணத்துக்குப் போட வாய்க்கவில்லை. ஐம்பது தாண்டியாகிவிட்டது, இனிமேல் பெண் தேடுவதைவிட நல்ல வயர் தேடுவது லாபம் என்று தானே சொல்லிச் சிரித்துக்கொள்வார்.

காது மந்தமா என்றால், அதுவும் இல்லை. பாம்புச் செவி. எட்டுக் குழாய் ஸ்பீக்கர் கட்டினால் எட்டில் எதன் தகடு கிழிந்திருக்கிறது என்று மேடைக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே சொல்வார். காற்று திசை மாறினால் தெரியும், பேசுகிறவருக்குச் சளி பிடித்திருந்தால் தெரியும். என்ன பேசுகிறார் என்பது மட்டும் தெரியாது. சத்தம் நம் வேலை, சொல் அடுத்தவர் வேலை என்பது அவர் கணக்கு. “தையக்காரன் துணியப் பாப்பானா, துணிக்குள்ள இருக்கற ஆளப் பாப்பானா?” என்று தங்கை புருஷனிடம் ஒருமுறை நியாயம் பேசினார். தங்கை புருஷன் நிஜமாகவே தையல்காரர்.

“நான் ஆளத்தான் மச்சான் மொதல்ல பாப்பேன். துணி அப்புறம்,” என்றார் மாப்பிள்ளை, வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டே.

டெஸ்டிங்குக்கு உலகத்தில் சொந்தம் என்று இருந்தது அந்தத் தங்கையும் மாப்பிள்ளையும்தான். தங்கை அவரைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். அம்மா போனபோது அவளுக்கு ஒன்பது வயது. தலை பின்னிவிடுவதிலிருந்து பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போடுவது வரை எல்லாம் அண்ணன்தான். பின்னல் ஒருநாளும் நேராக வந்ததில்லை. இப்போது மத்தியானச் சாப்பாடு தினமும் அவள் வீட்டில். ஒருநாள் போகாவிட்டால் தட்டைப் போட்டு மூடிவைத்துவிட்டு, அதை அப்படியே வைத்திருந்து மறுநாள் காட்டிச் சண்டை போடுவாள்.

கடைசிக் குழாயை எங்கே கட்டுவது என்பதில் டெஸ்டிங்குக்கு ஒரு பிடிவாதம் உண்டு. திடலில் யார் கூட்டமானாலும் ஏழு குழாய்கள் எங்கே வேண்டுமானாலும் தொங்கட்டும், எட்டாவது தங்கை தெருவின் மூலைக் கம்பத்தில்தான். அவள் மொட்டை மாடியில் நின்று கேட்பாள். சத்தம் சுத்தமாக இருந்தால் ஒரு மிஸ்டு கால். கரகரத்தால் இரண்டு. இரண்டு வந்தால் வயர் நீளத்தில் சத்தம் நைந்துபோகிறது என்று அர்த்தம். எட்டாவது திருகை ஒரு கோடு ஏற்றிக் கொடுக்க வேண்டும். அதற்குமேல் போனை எடுப்பதும் கிடையாது, திருப்பி அழைப்பதும் கிடையாது. பன்னிரண்டு வருடத்தில் இந்த ஏற்பாடு ஒருநாளும் பிசகியதில்லை. பாசம் கீசம் என்று அவர்கள் வாய் திறந்து பேசிக்கொண்டதே இல்லை, ஆனால் அந்த ஒற்றை மணி அடித்து ஓய்ந்ததும் டெஸ்டிங்குக்குச் சாப்பிட்டுக் கை கழுவிய நிறைவு வரும்.

ஊரில் இரண்டு கட்சி. ஒன்றுக்குப் பூட்டு சின்னம், மற்றதற்குச் சாவி. இரண்டும் சேர்ந்தால்தானே கதவு திறக்கும் என்று கேட்கிற பொறுமை அங்கே யாருக்கும் இல்லை. முன்பெல்லாம் மேடையில் ஒருவரையொருவர் கிழி கிழியென்று கிழித்துவிட்டுக் கீழே வந்து ஒரே கடையில் டீ குடிப்பார்கள். இப்போது டீக்கடையே இரண்டாகிவிட்டது. பேசி முடித்த சம்பந்தம் ஒன்று கட்சியால் முறிந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பல வருடப் பழக்கத்தை மறந்து நடுவில் சுவர் எழுப்பினார்கள். மாப்பிள்ளை பூட்டுக் கட்சியின் பகுதிச் செயலாளர். தண்ணீர்த் தொட்டி முனையில் இருந்த அவருடைய தையல் கடையில் மாலையில் நாலு பேர் பேப்பர் படிக்க உட்காருவார்கள், அவ்வளவுதான் அவருடைய அரசியல். இரண்டு கட்சிக் கொடியும் அந்தக் கடையில்தான் தைத்தாக வேண்டும், ஊரில் வேறு கடை இல்லை. “மெஷினுக்கு என்ன கட்சி?” என்பார். டெஸ்டிங்கும் அதே ரகம்தான். மேடை யாருடையதானாலும் செட் அவருடையது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாவிக் கட்சிக் கூட்டம். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆரம்பம். பேச வந்தவருக்கு ‘இடி’ என்று பட்டம். அவருக்குச் செட் போடுவதென்றால் டெஸ்டிங்குக்குத் தனி சந்தோஷம். கணீரென்ற குரல், மைக்கைக் கடிக்காமல் பேசத் தெரிந்தவர். அவர் கழுத்து நரம்பு புடைக்கத் தொடங்கும்போது டெஸ்டிங் சத்தத்தைத் தூக்குவார். வாக்கியத்தின் கடைசிச் சொல் வரும்போது எக்கோவை அவிழ்த்துவிடுவார். சொல் திடலை மூன்று சுற்று சுற்றி வரும், கூட்டம் விசிலடிக்கும். அந்த விசிலில் பாதி நமக்குத்தான் என்று மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து நினைத்துக்கொள்வார். அது பொய்யும் இல்லை.

ஆறு மணி வாக்கில் நரம்பு புடைத்தது. சட்டைப் பையில் போன் அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்து ஓய்ந்தது. இரண்டு. கடைசிக் குழாய் கரகரக்கிறது. டெஸ்டிங் கண்ணை நரம்பை விட்டு எடுக்காமலே எட்டாவது திருகை ஒரு கோடு ஏற்றினார். மூன்றாவது மணி. போதவில்லை போல, இன்னொரு கோடு. நான்கு, ஐந்து, ஆறு. தகடு போய்விட்டதோ, பாவம் அந்தப் பெண் மாடியில் நின்று கஷ்டப்படுகிறாளே என்று கவலையோடு ஏற்றிக்கொண்டே போனார். ஏழாவது மணி அடித்தபோது திருகு அதற்கு மேல் திரும்பவில்லை. கூட்டம் எழுந்து நின்று கத்தியது. செட்டைப் பிரிக்கும்போது கட்சிக்காரர் ஒருவர் தோளில் தட்டி, “இன்னைக்கு ஊர் மூலை முடுக்கெல்லாம் கேட்டுச்சு,” என்றார். டெஸ்டிங் மகிழ்ந்துபோனார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மாப்பிள்ளை கடையைத் திறந்தார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஷட்டரை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, குனிந்து உள்ளே வலது கையை நீட்டி விளக்கைப் போட்டுவிட்டுத்தான் மீதியைத் தூக்குவார். கை உள்ளே இருந்த நேரத்தில் ஐந்து பேர் வந்தார்கள். மூன்று பேர் அவரைப் பிடித்துக்கொள்ள, இரண்டு பேர் ஷட்டரில் தொற்றித் தங்கள் கனத்தையெல்லாம் அதில் போட்டார்கள். மணிக்கட்டும் நாலு விரல்களும் நொறுங்கிப்போயின. கத்தரி பிடிக்கிற கை.

டெஸ்டிங் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது மாப்பிள்ளை மயக்கமும் தெளிவுமாகப் படுத்திருந்தார். கை தலையணை அளவுக்குக் கட்டுப் போட்டிருந்தது.

“அதுல ஒருத்தனுக்கு முப்பது இடுப்பு மச்சான்,” என்றார். “போன மாசம்தான் பேண்ட் தச்சுக் குடுத்தேன். வேலைக்கு நேர்ல பாக்கப் போறேன்னான். நல்லா வரணும்னு கால்ல அரை அங்குலம் துணி கூடுதலா மடிச்சு விட்டேன், அப்புறம் எறக்கிக்கலாம்னு.” அவருக்கு வலியைவிட அந்த அரை அங்குலம்தான் அதிகமாக உறுத்தியது.

தங்கை வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் டெஸ்டிங்குக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும்.

“ஏழு தடவ அடிச்சேண்ணே,” என்றாள்.

“கரகரங்குதுன்னு நினைச்சேம்மா.”

“கரகரப்பெல்லாம் ஒண்ணுமில்ல. ஒவ்வொரு எழுத்தும் அவ்வளவு சுத்தமா கேட்டுச்சு.”

“என்ன கேட்டுச்சு?”

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். “உனக்குத் தெரியாதா? நீதான அங்க உக்காந்திருந்த.”

அவருக்குத் தெரியாது. கூடப் பிறந்த தங்கையின் வீட்டைப் பற்றி ஊருக்கே கேட்கும்படி சொல்லியிருக்கிறார்கள், கேட்க வைத்தவருக்குத் தெரியாது. அதை எந்த வாயால் சொல்வது?

“கல்யாண வீட்டுல எவனாவது குடிச்சுட்டு மைக்கப் புடிச்சு ஒளறுனா, வயரப் புடுங்கிட்டு கரண்டு போச்சுன்னு சொல்லுவியே. அந்த மாதிரி செய்வேன்னு நினைச்சு அடிச்சேன். நான் அடிக்க அடிக்க சத்தம் ஏறிக்கிட்டே போச்சு. ஓடி வந்தேன், கூட்டத்துக்குள்ள நுழைய முடியல. இவருகிட்ட சொன்னா, மேடையில ஆயிரம் சொல்லுவான், அதுக்காகக் கடையத் தொறக்காம இருக்க முடியுமாங்கறாரு.” சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அண்ணனிடம் பேசவில்லை.

சத்தம் எப்படி வந்தது என்று மறுநாள் சரிபார்க்க ஒவ்வொரு கூட்டத்தையும் பதிவு செய்து வைப்பது டெஸ்டிங்கின் வழக்கம். அறைக்குப் போய், வயர்ச் சுருள்களுக்கு நடுவே உட்கார்ந்து, அதைப் போட்டார். சத்தத்தை விட்டுவிட்டுச் சொல்லைக் கேட்பது அவருக்குப் புது வேலை. இரண்டு தடவை நிறுத்தி நிறுத்திப் போட வேண்டியிருந்தது.

“தண்ணித் தொட்டி முனையில ஒரு தையக்கட இருக்கு. நம்ம கொடிய அங்கதான் தைக்கறான், நம்ம கழுத்துக்குக் கயிறும் அங்கதான் திரிக்கறான். பாம்புக்குப் பால் வாத்தது போதும். நாளைக்கு அந்த ஷட்டர் தொறக்கக் கூடாது.”

கூடாது, கூடாது, கூடாது என்று அது மூன்று சுற்று சுற்றியது. அழகாகத்தான் சுற்றியது. போன் அடிப்பதற்கு ஒரு நொடி முன்னால் ஆம்ப்ளிஃபையருக்குள் டிக்கிடிக்கி என்று ஒரு சத்தம் நுழையும். பதிவில் அந்த டிக்கிடிக்கி ஏழு தடவை இருந்தது. முதல் இரண்டு ‘தையக்கட’ என்ற இடத்தில். கடைசி ஒன்று ‘ஷட்டர்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில். ஒவ்வொன்றுக்கும் தன் விரல் எவ்வளவு திருப்பியது என்று விரலுக்கே ஞாபகம் இருந்தது. டெஸ்டிங் தலையில் கையை வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார்.

மூன்றாம் நாள் பேப்பரில் இடி பேட்டி கொடுத்திருந்தார். “ஷட்டர் திறக்கக் கூடாது என்றுதான் சொன்னேன். அடி என்று சொன்னேனா? கேட்டவர்கள் தப்பாக எடுத்துக்கொண்டால் அதற்கு நானா பொறுப்பு?” என்று கேட்டிருந்தார். படிக்கும்போது டெஸ்டிங்குக்கு உடம்பு கூசியது. மூன்று நாளாகத் தனக்குத்தானே அவர் சொல்லிக்கொண்டிருந்ததும் அதே ராகம்தான்: நான் சத்தம் போட்டுக் கொடுத்தவன்தானே, பேசினது அந்த ஆள்தானே. இரண்டும் ஒரே குட்டையில் ஊறிய மட்டை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு, பதிவை எடுத்துக்கொண்டு நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தார். அத்தோடு சாவிக் கட்சி மேடை அவருக்கு மூடிக்கொண்டது.

பூட்டுக் கட்சிக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. அவர்களுடைய பெரிய தலை ஒருவர் ஆஸ்பத்திரிக்கே வந்து, அதே திடலில் பதில் கூட்டம் போடப்போவதாகச் சொன்னார். மாப்பிள்ளை கட்டுப்போட்ட கையோடு மேடையில் உட்கார வேண்டும், நம் பேச்சாளர் இடியைவிட ஒரு மடங்கு மேல், செட்டுக்கு மச்சானே இருக்கிறார் என்று அடுக்கினார்.

மாப்பிள்ளை இடது கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். “அந்த அஞ்சு பேருல ஒருத்தனோட அம்மா எங்கிட்டதான் துணி தைக்கக் குடுப்பாங்க,” என்றார். “நீங்க பேசிட்டுப் போயிருவீங்க. மறுநாள் காலையில அந்தம்மா கதவத் தொறக்கணும். என் கையக் காட்டி இன்னொரு கைய ஒடைக்க வேண்டாம்ணே. கேஸ் நடக்கட்டும்.” வந்தவருக்கு முகம் சுண்டிப்போனது. கட்சிக்குள்ளேயே இப்படி ஒரு கோழையா என்று வெளியே போய்ச் சொன்னாராம். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஆறு வாரம் கழித்துக் கடை திறந்தது. ஒற்றைக் கையால் ஷட்டரைத் தூக்க முடியாது. தினமும் ஒன்பது மணிக்கு டெஸ்டிங் போய்த் தூக்கிவிடுவார். மேலே கொக்கி இருக்கிறது, தானாக நிற்கும். ஆனாலும் மாப்பிள்ளை உள்ளே போய் விளக்கைப் போட்டு, நாற்காலியில் உட்காரும்வரை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டே நிற்பார்.

“விடுங்க மச்சான், அது விழாது,” என்பார் மாப்பிள்ளை.

“இருக்கட்டும் மாப்ள,” என்பார் இவர்.

மாப்பிள்ளைக்கு அவர்மேல் வருத்தம் இல்லை. இருந்திருந்தாலும் வெட்டுத் துணியோடு சேர்த்துக் கூட்டித் தள்ளியிருப்பார், அப்படிப்பட்ட மனுஷன். இடது கையால் சாக்பீஸ் பிடித்துக் கோடு போடப் பழகிக்கொண்டிருந்தார். கோடு குடிகாரன் நடந்த மாதிரி போகும், தானே பார்த்துச் சிரிப்பார். சிரிக்க முடியாத விஷயம், கடைக்கு ஆள் வராததுதான். சாவிக்காரர்கள் கோபத்தில் வரவில்லை, பூட்டுக்காரர்கள் பயத்தில் வரவில்லை. இரண்டுமில்லாதவர்கள் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டே நடந்து போனார்கள்.

தங்கையும் வரவில்லை. அண்ணன் இருக்கிற நேரம் பார்த்து வராமல் இருந்தாள். டெஸ்டிங் மத்தியானச் சாப்பாட்டை ஏதோ ஒரு கடையில் நின்றுகொண்டே முடித்தார். அவள் திட்டியிருந்தால் தேவலை. சட்டைப் பையில் போன் கல்லைப் போலக் கிடந்தது. ஒரே ஒரு மணி அடித்து ஓயாதா என்றிருந்தது அவருக்கு.

ஒருநாள் மாப்பிள்ளையிடம் கேட்டே விட்டார். “என்னைய மன்னிக்கவே மாட்டாளா மாப்ள?”

“அவ கோவம் வேற மச்சான். நான் அடி வாங்குனவன். கை வலி நின்னா எனக்குத் தீந்துபோச்சு. அவ கூப்பிட்டவ. கூப்பிட்டுக் கேக்காமப் போனது எங்க வலிக்கும்னு டாக்டருக்கே தெரியாது.”

டெஸ்டிங் அன்று அறைக்குப் போய் வெகுநேரம் குழாய்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஏணியோடு போய்த் தங்கை தெரு மூலைக் கம்பத்தில் ஒரு குழாயைக் கட்டினார். எட்டில் ஒன்று, கடைசிக் குழாய் மட்டும். வயரைத் தண்ணீர்த் தொட்டி வரை இழுத்துவந்து, தையல் கடையின் வெட்டு மேசைமேல் ஆம்ப்ளிஃபையரை வைத்தார். எக்கோ திருகைச் சுத்தமாகப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுபோனார். மாப்பிள்ளை ஒரு சட்டைத் துணியை மேசையிலிருந்து நகர்த்தி இடம் விட்டார்.

“ஹலோ. மைக் டெஸ்டிங். ஒன், டூ, த்ரீ.”

வழக்கமாக இத்தோடு அவர் மைக்கைக் கொடுத்துவிடுவார். கொடுக்க யாரும் இல்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ரோட்டில் போன இரண்டு பேர் நின்று திரும்பினார்கள்.

“தண்ணித் தொட்டி முனையில தையக்கட... தொறந்திருக்கு,” என்றார். “என் மாப்ள கட. எல்லாரும் வரலாம். எந்தக் கொடி வேணும்னாலும் தைக்கலாம்.” மூச்சு வாங்கியது. “அன்னைக்கு இந்தக் கட தொறக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. அத வீடு வீடாக் கொண்டுபோய்ச் சேத்தது நான்தான். என் தங்கச்சி நிறுத்துன்னு ஏழு தடவ கூப்பிட்டுச்சு. நான் சத்தத்தக் கூட்டிட்டேன். ஏழு தடவ... கூப்பிட்டுச்சு...”

அதற்கு மேல் குரல் வரவில்லை. உடைந்து, இழுத்து, பாதி காற்றாகிப் போனது. மாப்பிள்ளை தலையைக் குனிந்து இல்லாத நூலைத் தேடினார்.

போன் அடித்தது. அடித்து ஓய்ந்தது.

டெஸ்டிங் மூச்சை நிறுத்திக் காத்திருந்தார். மறுபடி அடித்தது, ஓய்ந்தது. இரண்டு.

இருபத்திரண்டு வருடக் கை, கேட்காமலே எட்டாவது திருகுக்குப் போய்விட்டது. விரல் அதன்மேல் பட்டது. பட்ட இடத்திலேயே நின்றது. மெல்ல அதை எடுத்து, பன்னிரண்டு வருடத்தில் ஒருநாளும் செய்யாததைச் செய்தார். தங்கைக்குத் திருப்பி அழைத்தார். முதல் மணி முடிவதற்குள் அவள் எடுத்துவிட்டாள்.

“என்னம்மா?” என்றார். மைக்கை அணைக்க மறந்திருந்தார். அவர் கேட்டது அவளுக்குப் போனில் ஒருமுறையும் கம்பத்திலிருந்து ஒருமுறையும் கேட்டிருக்கும்.



“கரகரங்குதுண்ணே,” என்றாள். அவள் குரலும் அப்படித்தான் இருந்தது. “தண்ணி குடிச்சுட்டு மறுபடி சொல்லு. நான் மாடியிலதான் நிக்கறேன்.”